புதிய இணைப்பும் குறைந்த வேகமும்

வீட்டுக்குப் புதிதாக அகன்ற அலைவரிசை இணைப்பு வந்த அன்று பெரும்பாலும் ஒரே வகைக் காட்சியே நிகழ்கின்றது. இணைப்புத் தருவோர் வந்து சுவரோரத்தில் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தி, விளக்குகள் பச்சையாய் எரிவதைக் காட்டிக் கையொப்பம் பெற்றுச் செல்கின்றனர். ஒப்பந்தத் தாளில் நொடிக்கு 1000 மெகாபிட் என்றிருக்கின்றது. வீட்டார் கைப்பேசியை எடுத்து வேகச் சோதனை செய்து பார்க்கின்றனர். எண்பது, தொண்ணூறு என்று ஓர் எண் வருகின்றது. படுக்கையறைக்குச் சென்று பார்த்தால் அதுவும் முப்பதாகச் சுருங்குகின்றது. சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லையே என்னும் ஏமாற்றம் சினமாக மாறுகின்றது.

இந்நிலையில் மக்கள் செய்வன இரண்டு. ஒரு சாரார் நிறுவனத்தை அழைத்துக் கடிந்து பேசுகின்றனர். மற்றொரு சாரார், வாங்கியது போதவில்லை போலும் என்று எண்ணி, இன்னும் உயர்ந்த திட்டத்திற்கு மாறுகின்றனர். பின்னவர் நிலையே இரங்கத்தக்கது. ஈராண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, மாதந்தோறும் கூடுதலாகப் பணம் கட்டிய பின்னும் படுக்கையறையில் அதே முப்பதுதான் வரும். குறை வாங்கிய பொருளில் இல்லாதபோது அப்பொருளையே மேலும் வாங்குவதால் குறை எவ்வாறு தீரும்? அது எந்த இடத்தில் உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதற்குப் பொறியியற் படிப்புத் தேவையில்லை. ஒரு மடிக்கணினியும், ஒரு நல்ல கம்பியும், அரைமணி நேரப் பொறுமையும் போதும்.

முதற்கண் சொல்லைக் கவனித்தல் நலம். விற்பனைத் தாள்களில் ‘வேகம்’ என்று அச்சிடப்படுவது உண்மையில் வேகம் அன்று; அகலம். நூறு மெகாபிட் இணைப்பிலும் ஆயிரம் மெகாபிட் இணைப்பிலும் ஒளி ஒரே விரைவில்தான் செல்கின்றது. கண்ணாடியிழையினுள் அதன் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர். வெட்டவெளியில் செல்லும் விரைவில் மூன்றில் இரண்டு பங்கு. இதனைப் பணம் கொடுத்துக் கூட்டுதல் இயலாது. கூட்டப்படுவது, ஒரு நொடிக்குள் எத்தனை செய்தித் துணுக்குகளை அனுப்பலாம் என்னும் கொள்ளளவே. ‘அகன்ற அலைவரிசை’ என்றும் ‘அகலக்கற்றை’ என்றும் தமிழில் வழங்கும் பெயர்கள் இவ்வுண்மையை நேரே சொல்லிவிடுகின்றன. பெயர் சரியாக இருந்தும், விளம்பரத்தில் புகுந்த ‘வேகம்’ என்னும் சொல்லே பாதிக் குழப்பத்திற்குக் காரணம் எனலாம்.

விரைவுக்கும் அகலத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டப் பழைய சான்று ஒன்று உண்டு. 1870-71 இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி இடப்பட்டது. கப்பல் பல நாள் கடந்து கொணர்ந்த செய்தியைத் தந்தி உடனுக்குடன் கொணர்ந்தது. எனினும் ஒரு நிமிடத்தில் அதன் வழியே அனுப்பக்கூடியவை மிகச் சில சொற்களே. விரைவு இருந்தது, அகலம் இல்லை. தூய கண்ணாடியிழையின் வழியே ஒளியை நெடுந்தொலைவு செலுத்திச் செய்தி அனுப்பலாம் என்று சார்ல்ஸ் காவ் என்னும் அறிஞர் 1966 இல் ஹாக்கம் என்பாருடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் காட்டினார். 2009 இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அவர் திறந்துவிட்ட வாயில், அகலத்தின் வாயில். சிங்கப்பூரில் நாடளாவிய கண்ணாடியிழைக் கட்டமைப்பின் வழியே வணிகச் சேவை தொடங்கியது 2010 இல். மலேசியாவில் யூனிஃபை சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

அதற்கு முன் தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாகவே பெரும்பாலோர்க்கு இணைப்பு வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போக, அக்கம்பியில் கிடைக்கும் அகலம் சுருங்கிக்கொண்டே வந்தது. குறையெல்லாம் வெளிக்கம்பியில்தான் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிய காலம் அது. அன்று அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. கண்ணாடியிழை வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. வெளிப்பாதை அகன்றுவிட்டது, வீட்டினுள் இருக்கும் பாதை குறுகியே கிடக்கின்றது. எண்ணம் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஜோகூர் பாலத்தைக் கடப்போர் இதனை எளிதில் உணர்வர். கோலாலம்பூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை எவ்வளவு அகன்றதாயினும், சோதனைச் சாவடியில் திறந்திருக்கும் தடங்களின் எண்ணிக்கையே பயணத்தை முடிவு செய்கின்றது. நெடுஞ்சாலையை இன்னும் இரண்டு தடம் அகலப்படுத்தினால் சாவடியில் வரிசை குறையாது. இணைப்பிலும் அவ்வாறே. நிலையத்திலிருந்து கைப்பேசி வரை உள்ள பாதை ஒரே பாதை அன்று. பல துண்டுகள் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழை முதல் துண்டு. ஒளியை மின்குறியாக மாற்றும் சிறு பெட்டி அடுத்தது. மக்கள் அதனை மோடம் என்றே அழைக்கின்றனர். அதிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் குட்டைக் கம்பி, பின்னர் ரவுட்டர், அதன்பின் வீட்டினுள் பரவும் வைஃபை அலை, இறுதியில் கைப்பேசியோ கணினியோ. ஒப்பந்தத்தில் உள்ள ஆயிரம் என்னும் எண் முதல் துண்டுக்கே உரியது. கைப்பேசியில் காணும் எண்ணோ எல்லாத் துண்டுகளிலும் மிகக் குறுகியதற்கு உரியது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஏமாற்றம் அடைவது கணக்கு அறியாமையே.

எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. இணைப்பு விற்கப்படுவது பிட் என்னும் அலகில்; கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது பெரும்பாலும் பைட் என்னும் அலகில். ஒரு பைட் என்பது எட்டுப் பிட். ஆங்கிலத்தில் பி என்னும் எழுத்தைச் சிறியதாக எழுதினால் பிட், பெரியதாக எழுதினால் பைட். கல்லுக்கும் காலுக்கும் குறில் நெடிலால் பொருள் மாறுவது போன்றதே இதுவும். ஆகவே ஆயிரம் மெகாபிட் இணைப்பில் கோப்பு ஒன்று நொடிக்கு 110 மெகாபைட் அளவில் இறங்கினால், இணைப்பு நிறைவாக உள்ளது என்றே பொருள். ‘எட்டில் ஒரு பங்குதான் வருகின்றது’ என்று முறையிடுவோருள் சிலர் குறையே இல்லாத இணைப்பை வைத்திருப்பவர்கள்.

இனிச் சோதனைக்கு வரலாம். முதலில் வைஃபையை விலக்கிவிட வேண்டும். மடிக்கணினி ஒன்றை ரவுட்டரின் பின்புறம் உள்ள துளையில் கம்பியால் நேரே இணைத்து, கணினியின் வைஃபையை அணைத்து, வீட்டில் உள்ள மற்றக் கருவிகளையும் சற்று ஓய்வில் வைத்துச் சோதனை செய்க. மும்முறை செய்து எண்களைக் குறித்துக்கொள்க. 900க்கு மேல் வந்தால் நிறுவனம் தந்த இணைப்பில் பழுதில்லை. வழக்கு அங்கேயே முடிந்தது. சரியாக ஆயிரம் வராதது ஏன் என்று கேட்கலாம். செய்தித் துணுக்கு ஒவ்வொன்றும் முகவரி எழுதிய உறைக்குள் அடைக்கப்பட்டே செல்கின்றது. கம்பியில் 1538 பைட் இடம் கொள்ளும் ஒரு முழு உறைக்குள் நமக்கு உரிய செய்தி 1460 பைட்தான். நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு. ஆதலின் குற்றமற்ற ஆயிரத்தில் 940 அளவில் வருவதே முறை.

கம்பியில் இணைத்த பின்னும் ஏறத்தாழ 94 வந்தால்? இங்கேதான் கவனம் வேண்டும். இந்த எண்ணைக் கண்டவுடன் பொறியாளர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். ஏனெனில் அது மருத்துவர் கைபிடித்துக் கண்டறியும் நாடித்துடிப்புப் போன்றது. ஆயிரத்தில் 95 விழுக்காடு 940க்குச் சற்று மேல் என்றால், நூறில் 95 விழுக்காடு 94, 95 அல்லவா? ஆகவே பாதையில் எங்கோ ஒரு துண்டு ஆயிரத்திற்குப் பதிலாக நூறில் இயங்குகின்றது என்று அவ்வெண் சொல்லாமல் சொல்கின்றது. எத்தனை முறை சோதித்தாலும், காலையிலும் மாலையிலும், 93, 94, 94 என்று அசையாமல் நிற்பதே அதன் அடையாளம். நெரிசலாலோ அலைத்தடையாலோ குறையும் எண் இவ்வாறு நிலையாக நிற்பதில்லை. அது 40, 85, 60 என்று ஆடிக்கொண்டிருக்கும்.

அத்துண்டு பெரும்பாலும் ஒரு கம்பிதான். ஈத்தர்நெட் கம்பியின் உறைக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக உள்ளன. செம்மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு என அவற்றுக்கு நிறம் உண்டு. நொடிக்கு நூறு மெகாபிட் அனுப்பும் பழைய முறைக்கு இரண்டு இணைகள், அதாவது செம்மஞ்சளும் பச்சையும் மட்டும் போதும். 1999 இல் வகுக்கப்பட்ட ஆயிர மெகாபிட் முறைக்கோ நான்கு இணைகளும் வேண்டும். நீல இணையில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும், முனையில் உள்ள ஒரு செம்புப் பல் மழுங்கியிருந்தாலும், இருபுறக் கருவிகளும் தம்முள் பேசிப் பார்த்து, ஆயிரம் இயலாது என்று கண்டு, பெரும்பாலும் நூறுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இணையம் ஓடும், பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. பழுது இவ்வளவு பணிவாக நடந்துகொள்வதால்தான் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கின்றது.

பழைய வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு. சுவருக்குள் ஒரே கம்பியை இழுத்து, அதன் இரண்டு இணைகளைக் கணினிக்கும் மற்றோர் இணையைத் தொலைபேசிக்கும் பங்கிட்டுக் கொடுத்திருப்பர். நூறு மெகாபிட் பெரிதாகத் தோன்றிய நாளில் அது சிக்கனம். இன்று அதுவே தடை. புதிய ரவுட்டர் வாங்கி, பழைய ரவுட்டரோடு வந்த நான்கு கம்பி மட்டுமே உள்ள கம்பியை மோடத்துக்கும் புதியதற்கும் இடையே மாட்டிவிடுவதும் வழக்கம். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எட்டு நிறமும் உள்ளனவா என்பது கண்ணுக்கே தெரியும். சில வெள்ளி விலையுள்ள புதிய கம்பி ஒன்றை மாற்றியதும் 94 என்பது 940 ஆன வீடுகள் பல. கம்பியை மாற்றியும் எண் அசையவில்லையானால் ரவுட்டரின் துளையோ கணினியின் துளையோ நூறுக்கே அமைந்தது என்று கொள்க; விலை மலிந்த ரவுட்டர்களிலும் தொலைக்காட்சிகளிலும் இது மிகுதி. மடிக்கணினியில் கம்பித் துளை இல்லாமல் யூஎஸ்பி வழி மாற்றுமுனை போட்டுச் சோதிப்போர், அம்முனை பழைய இரண்டாம் தலைமுறை யூஎஸ்பியாயின் முந்நூறு சொச்சத்திற்கு மேல் காண இயலாது.

கம்பியில் 940 வந்து, கைப்பேசியில் மட்டும் எண் குறைந்தால் குறை காற்றில் உள்ளது. வைஃபையின் இயல்பை ஆசிரியர்க்கு விளக்குவது எளிது. வகுப்பறையே அதற்கு உவமை. நாற்பது மாணவர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். இருவர் சேர்ந்து பேசினால் எவர் சொல்லும் விளங்காது. இருவரும் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். ஹவாய்த் தீவுகளில் 1971 இல் நார்மன் ஆப்ரம்சனும் அவர் குழுவினரும் அமைத்த அலோகா என்னும் வானொலி வலையில், கருவிகள் பிறர் பேசுகின்றனரா என்று பாராமலே பேசின; மோதல் மிகுந்தது. பின்வந்த வைஃபை, ‘முதலில் செவிமடு, பின்னர் பேசு’ என்னும் ஒழுக்கத்தைக் கைக்கொண்டது. ஒழுக்கம் நன்று, ஆனால் செவிமடுக்கும் நேரமும், காத்திருக்கும் நேரமும், ‘பெற்றேன்’ என்று மறுமொழி கூறும் நேரமும் பேசும் நேரத்திலிருந்தே கழிகின்றன. அதனால்தான் அட்டைப்பெட்டியில் 866 என்று அச்சிட்ட வைஃபை, நல்ல இடத்தில் வைத்துச் சோதித்தாலும் ஐந்நூறு, அறுநூறு அளவிலேயே தருகின்றது.

வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்தால் பாடவேளை அவனோடு கழியும். அதுபோலவே பழைய கைப்பேசி ஒன்றோ, தொலைவிலுள்ள அறையிலிருந்து மெல்லிய அலையில் பேசும் கருவி ஒன்றோ, சிறிய செய்தியையும் நெடுநேரம் எடுத்துச் சொல்கின்றது. அந்நேரம் மற்றக் கருவிகள் வாய்மூடிக் காத்திருக்கின்றன. வீட்டில் ஒரு பழைய கருவி எல்லார்க்கும் இணைப்பைத் தாமதப்படுத்தும் விந்தை இவ்வாறு நிகழ்கின்றது.

ரவுட்டர்கள் பொதுவாக இரண்டு அலைப்பட்டைகளில் பேசுகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்சு, அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றது 5 கிகாஹெர்ட்சு. அலைநீளம் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரை ஓரளவு ஊடுருவித் தொலைவு செல்லும். ஆனால் அதில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் மூன்றே; அடுக்குமாடி வீட்டில் மேலும் கீழும் பக்கத்திலும் உள்ள வீட்டு ரவுட்டர்கள் யாவும் அம்மூன்றிலேயே முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில் இயங்குவது. புளூடூத் கருவிகளும் அங்கேயே குடியிருக்கின்றன. அப்பட்டையில் கைப்பேசி ஒன்று பேசினால் முப்பது முதல் தொண்ணூறு வரை வருவதே பெரிது. தொடக்கத்தில் கண்ட எண்பதும் முப்பதும் பெரும்பாலும் இதன் விளைவே. ஐந்து கிகாஹெர்ட்சுப் பட்டையில் தடங்கள் பல. சுவர் அதன் அலையை மிகுதியாகத் தடுப்பது குறையே. ஆயினும் அதே சுவர் அடுத்த வீட்டின் அலையையும் தடுத்துக் காக்கின்றது என்பதை மறக்கலாகாது. பல ரவுட்டர்கள் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயரிட்டு வைப்பதால், கைப்பேசி எதில் உள்ளது என்று வீட்டார்க்குத் தெரிவதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்துவிட்டால் இந்த ஐயம் தீரும்.

அடுத்தது இடம். சிங்கப்பூரில் 1997 ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பாதுகாப்பு அறை ஒன்று இருக்கும். மக்கள் பாம் ஷெல்ட்டர் என்பது அதனையே. தடித்த கான்கிரீட்டுச் சுவரும் எஃகுக் கதவும் கொண்ட அவ்வறை, வெடியின் வேகத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. வைஃபை அலை அதற்கு எம்மாத்திரம்? அழகு கெடாதிருக்க ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, இணைப்பு மெதுவாயிற்று என்று வருந்துவோர் உளர். தொலைக்காட்சிக்குப் பின்னும், இரும்பு அலமாரிக்குள்ளும், மீன்தொட்டியின் மறைவிலும் வைப்பதும் ஏறத்தாழ அத்தகையதே. நீரும் உலோகமும் அலையை உண்டுவிடும். வீட்டின் நடுப்பகுதியில், மார்பளவு உயரத்தில், திறந்த இடத்தில் ரவுட்டர் இருத்தல் வேண்டும். கண்ணுக்கு அழகாய் இராது என்பது உண்மைதான்.

அலை எட்டாத அறைக்கென்று மெஷ் எனப்படும் துணைக்கருவிகள் வாங்குவோர் ஒன்றை அறிதல் வேண்டும். துணைக்கருவி காற்றின் வழியே பெற்று, அதே தடத்தில் மீண்டும் காற்றிலேயே அனுப்பினால், ஒரே செய்தி இருமுறை பேசப்படுகின்றது, அகலம் பாதியாகின்றது. துணைக்கருவியைக் கம்பியால் இணைத்தால் இக்குறை இல்லை. அறைதோறும் சுவரில் கம்பி முனை அமைந்த புதிய வீடுகளில் இது எளிது. ஆயினும் அம்முனைகளை மேசைக்குப் பின்னால் மறைத்துவிட்டுத் துணைக்கருவிகளைக் காற்றில் பேசவிடுவோரே மிகுதி.

வீட்டைத் தாண்டிய குறையும் இல்லாமல் இல்லை. பரவலாக வழங்கும் கண்ணாடியிழை முறை ஒன்றில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளி வழியில் பிரிக்கப்பட்டுப் பல வீடுகளுக்குச் செல்கின்றது. அவ்வீடுகள் அனைத்தும் பகிர்ந்துகொள்வது, கீழ்நோக்கி நொடிக்கு 2488 மெகாபிட்டும் மேல்நோக்கி 1244 மெகாபிட்டும். எல்லாரும் ஒரே நொடியில் முழு அளவும் கேட்பதில்லை என்னும் நம்பிக்கையின்மேல் நிற்கும் ஏற்பாடு இது. அந்நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்க்குமாயின் இரவு எட்டு, ஒன்பது மணிக்குப் பொய்க்கும். விடியற்காலையில் 940, இரவு ஒன்பதுக்கு 300 என்று கம்பி வழிச் சோதனையே மூன்று நாள் தொடர்ந்து காட்டினால் நெரிசல் வெளியில் உள்ளது. அப்போது நிறுவனத்திடம் முறையிடுவது தகும்.

தொலைவும் ஒரு காரணம். வேகச் சோதனை பொதுவாக அருகிலுள்ள நிலையத்தோடு நடைபெறுவது. சென்னையிலோ அமெரிக்காவிலோ உள்ள கணினியிலிருந்து கோப்பு இறங்கும்போது கதை வேறு. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைத்து 2002 இல் செயற்பட்ட கடலடி இழை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஒளி அதனைக் கடந்து திரும்ப ஆயிரத்தில் 32 பங்கு நொடி ஆகும். அனுப்பும் கணினி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடுவதில்லை. சிறிது அனுப்பி, ‘பெற்றேன்’ என்னும் மறுமொழி வந்தபின்னரே அளவைக் கூட்டுகின்றது. மறுமொழி தொலைவிலிருந்து வருமாயின் கூட்டுவதும் மெல்லவே நிகழும். அகலமான பாதை முழுதும் திறந்திருந்தும், அது நிரம்புமுன் சிறிய கோப்பு இறங்கி முடிந்துவிடும்.

எண் எல்லாம் நன்றாயிருந்தும் காணொளி வகுப்பு மட்டும் தடுமாறுவது உண்டு. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 8 ஆம் நாள் முதல் பள்ளிகள் அனைத்தும் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறியபோது பல இல்லங்கள் இதனை உணர்ந்தன. ஒரு காணொளி வகுப்புக்கு நொடிக்கு மூன்று நான்கு மெகாபிட்டே போதும். ஆயிரம் வைத்திருந்தும் ஆசிரியர் முகம் உறைந்து நிற்பது எதனால்? மேல்நோக்கிய பாதையைப் பார்த்தல் வேண்டும். வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் வீட்டில் ஒருவரின் கைப்பேசி, விடுமுறையில் எடுத்த படங்களையும் காணொளிகளையும் சேமிப்பகத்திற்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அவை மேல்நோக்கிய பாதையை நிரப்பிவிட, மிகுந்தவை ரவுட்டரின் நினைவகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆசிரியர் கேட்ட வினாவுக்கு மாணவன் சொன்ன விடையும் அவ்வரிசையின் கடைசியில் நின்று, நேரம் கழித்தே வெளியேறுகின்றது. அகலம் குறையவில்லை, காத்திருப்பு கூடிவிட்டது. நினைவகம் பெரிதாயிருப்பதே இங்கு தீமையாகின்றது என்பது வியப்பு. பஃபர்புளோட் என்று இந்நோய்க்குப் பொறியாளர் பெயரிட்டனர். சோதனைச் செயலிகள் சிலவற்றில் சும்மா இருக்கும்போதும் சுமையோடு இருக்கும்போதும் உள்ள தாமதம் தனித்தனியே காட்டப்படும். முன்னது 5 ஆகவும் பின்னது 300 ஆகவும் இருந்தால் நோய் இதுவே. வகுப்பு நேரத்தில் படங்களை அனுப்புவதை நிறுத்தி வைத்தல் உடனடி மருந்து. வரிசையை அறிவோடு ஆளும் ரவுட்டரை அமைத்தல் நிலையான மருந்து. உயர்ந்த திட்டத்திற்கு மாறுதல் இங்கும் பெரும்பாலும் பயன் தாராது.

நிறுவனத்தை அழைக்க வேண்டிய நிலை வந்தால் கையில் ஒரு தாள் இருத்தல் நலம். சோதனை கம்பி வழியே செய்யப்பட்டது, கம்பி புதியது, நாள் இது, நேரம் இது, மூன்று முறை வந்த எண்கள் இவை என்று அதில் எழுதியிருப்பின், ‘ரவுட்டரை அணைத்து மீண்டும் இயக்குங்கள்’ என்னும் முதற்படியைத் தாண்டி உரையாடல் விரைவில் உரிய இடத்திற்குச் செல்லும். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் தாள் எதுவும் வேண்டியதில்லை. ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். சோபாவின் காலடியில் கண்ணாடியிழை மடிந்து கிடக்கின்றதா என்று பார்த்துவிட்டு உடனே அழைக்கலாம். இழையின் முனையைக் கழற்றித் துடைத்துப் பார்க்கும் ஆர்வம் வேண்டா. அதில் படியும் தூசு கண்ணுக்குத் தெரியாது, ஒளிக்குத் தெரியும்.

நொடிக்கு 10,000 மெகாபிட் தரும் வகையில் நாடளாவிய கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாகச் சிங்கப்பூர் அரசாங்கம் 2024 இல் அறிவித்தது. அத்தகைய திட்டங்களும் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றை வாங்கிய வீட்டில், மடிக்கணினியின் கம்பித் துளை ஆயிரத்திற்கே அமைந்திருக்குமாயின், இணைப்பு வந்த அன்று அதில் செய்யும் சோதனையில் வரும் எண் 940.